பழைய சாமான் சந்தையில் ஒரு தோட்டா

மதினி என் காலை மிதித்தார். மெதுவாக அல்ல, நன்றாகவே.

ருவான்வெல்லைச் சந்தையின் கடைசி வரிசை அது. மரக்கறி முடிந்து, கருவாடு முடிந்து, அதற்கும் அப்பால் உப்பு வாசனை தேய்ந்து துரு வாசனை பிறக்கிற இடம். தரையில் நீலப் பொலித்தீன் விரித்து, உலகம் கழற்றிப் போட்டதை எல்லாம் அதன்மேல் பரப்பி வைத்திருப்பார்கள். கைப்பிடி இல்லாத குடை, குடை இல்லாத கைப்பிடி. ஒரு கண் மட்டும் உள்ள மூக்குக்கண்ணாடி. தங்கள் டிவிகளைத் தொலைத்துவிட்ட ரிமோட்டுகள் ஒரு குவியல். இரவு பெய்த மழை பொலித்தீன் மடிப்புகளில் சின்னச் சின்னக் குளங்களாக நின்றது. ஒரு குளத்தில் பித்தளைத் தாழ்ப்பாள் ஒன்று மல்லாந்து கிடந்தது.

"திரும்பாதீங்க தம்பி," உதடு அசையாமல் சொன்னார் மதினி. "கெடக்குது. அந்த பிஸ்கட் டின்னுக்குள்ள. மூஞ்சிய ஒன்னும் பண்ணிராதீங்க."

நான் மூஞ்சியை ஒன்றும் பண்ணவில்லை. கையெட்டும் தூரத்திலிருந்த லாம்பின் கண்ணாடிச் சிமினியை எடுத்து, பல வருஷமாக இதைத்தான் தேடி அலைந்தேன் என்பதுபோல வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். பொலித்தீனுக்கு அந்தப் பக்கம், நிறம் போன கிரிக்கெட் தொப்பியோடு ஒரு பலகையில் உட்கார்ந்திருந்த முதலாளி எங்களைக் கவனிக்காமல் பால் ஊற்றாத பிளேன்டியை ஊதிக்கொண்டிருந்தார்.

டின்னுக்குள் கிடந்தது என்ன, அதற்காக என் சுண்டுவிரல் ஏன் நசுங்கியது என்று சொல்ல, கொஞ்சம் பின்னுக்குப் போகவேண்டும்.

பதினேழு வெள்ளைத் துணி

மதினி என்றால் என் அண்ணனின் மனைவி செல்வராணி. அண்ணன் கொழும்பில் ஒரு கட்டடத்துக்குக் காவல் நிற்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வருவார், சாப்பிடுவார், தூங்குவார், போவார். மதினி இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் பால் வெட்டியவர். வலது தோள் ஒருநாள் மேலே போனது, கீழே வர மறுத்தது. அதற்குப் பிறகு தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, வரிசை வீடான லயத்தில் தன் காம்பராவில் தையல் மெசினை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மெசின் பழையது. பங்களா சாமான்களை வெந்தேசியில் ஏலம் விட்டபோது யாரும் கை தூக்காததால் வந்தது. கையால் சக்கரம் சுற்றுகிற ஜாதி. அடிநூல் சுற்றுகிற வட்டப் பொபின் எல்லாம் இதில் கிடையாது. ஊசிக்குக் கீழே, தகட்டுக்கு அடியில், விரல் நீளத்தில் கூரான ஓர் இரும்புக் கூடு முன்னும் பின்னும் ஓடும். அதன் வயிற்றுக்குள்தான், நீளப் பொபினில் சுற்றிய அடிநூல். பார்க்க அசல் துப்பாக்கித் தோட்டா. எங்கள் லயத்தில் அதற்குப் பெயரும் தோட்டாதான். (கடைகளில் "தோட்டா இருக்கா" என்று கேட்டு இரண்டு இடத்தில் ஒருமாதிரிப் பார்வை வாங்கியிருக்கிறேன்.)

பள்ளிக்கூடம் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று யாருக்குமே நிச்சயமில்லாமல் இருந்த வருஷங்கள் முடிந்து, ஒருவழியாகத் திறக்கப்போகிறது என்று அறிவித்திருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சீருடைத் துணி வந்தது. பதினேழு வீடு தங்கள் துணியை மதினியிடம் கொண்டுவந்து கொடுத்தது. ஒவ்வொரு மடிப்பிலும் கொப்பித்தாளில் கிழித்த துண்டு, அதில் பிள்ளையின் பேர், நீளம், "வளர்ற புள்ள, கொஞ்சம் லூசா" என்கிற குறிப்பு.

மூன்று உடுப்பு முடிந்தபோது, துடைக்க வெளியே எடுத்த தோட்டா கை நழுவி சிமெந்துத் தரையில் விழுந்தது. மூக்கு நுனி முறிந்துவிட்டது. நகக்கண் அளவுதான். ஆனால் அந்த நுனிதான் மேல்நூலின் வளையத்துக்குள் நுழைந்து அதைப் பிடிக்கவேண்டும். நுனி இல்லாவிட்டால் ஊசி வெறுமனே ஏறி இறங்கும், துணியில் துளை விழும், தையல் விழாது.

டவுனில் இரண்டு கடை ஏறினோம். "இதெல்லாம் இப்ப வாறதில்ல. புது மெசின் பாருங்க," என்றார்கள். புது மெசினின் விலையைக் கேட்டுவிட்டு, கண்ணாடிக்கு உள்ளேயே அது இருக்கட்டும் என்று வந்துவிட்டோம்.

"துணிய திருப்பிக் குடுத்தா என்னா?" என்று நான் கேட்டேன். "டவுன்ல தச்சுக்குவாங்க."

மதினி என்னைப் பார்த்தார். "குடுத்துட்டா அடுத்த வருசம் எவ வருவா? ஒருக்கா டவுன் பக்கம் போன துணி திரும்பி லயத்துக்கு வராது தம்பி. அப்புறம் காலங்காத்தால பிரட்டுக்களத்துல நின்னு கங்காணிகிட்ட பேர் குடுக்க வேண்டியதுதான். இந்தத் தோளோட."

பள்ளிக்கூடம் திறக்க எட்டு நாள் இருந்தது. மிச்சம் பதினான்கு உடுப்பு. அதனால்தான், வாழ்நாளில் முதல் தடவையாக, மதினி என்னிடம் யோசனை கேட்டார்.

ஓடாத ஏழு கடிகாரம்

பழைய சாமான் சந்தை என் பலவீனம். ஊர் ஊராக வேலை மாறியவன் நான். போகிற ஊரில் கோயிலுக்குப் போகிறேனோ இல்லையோ, பழைய சாமான் விரிக்கும் இடம் எது என்று விசாரித்துவிடுவேன். வாங்குவதைவிடப் பார்ப்பதுதான் பசி. இந்தப் பூட்டு எந்தக் கதவில் இருந்தது? இந்தக் கதவுக்குப் பின்னால் யார் யாரோடு சண்டை போட்டார்கள்? சாவி ஏன் வேறு கடையில் கிடக்கிறது?

"ஒங்க வீட்டுல ஏழு கடிகாரம் தொங்குது. ஒன்னாவது ஓடுதா? பொண்டாட்டி மணி கேட்டா ரேடியோவ போடுறீங்க," என்பது மதினியின் வழக்கமான தாக்குதல். அன்று மட்டும் அதைச் சொல்லாமல், "எப்பிடிப் பாத்து வாங்குறதுன்னு சொல்லுங்க," என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் போகும்போதே பாடம் நடத்தினேன்.

முதலில், மழை பெய்த மறுநாள் காலையில் போகவேண்டும். நனைந்த இரும்பு பொய் சொல்லாது. பொலிஷ் போட்டு மறைத்த துரு, ஈரத்தில் செம்மண் நிறத்தில் கசிந்துவிடும். வெயில் நாளில் எல்லாப் பித்தளையும் தங்கம் மாதிரி நிற்கும்.

பைக்குள் ஒரு காந்தத்துண்டு இருக்கட்டும். பித்தளை என்று சொல்லித் தருகிற பாதிச் சாமான் காந்தத்தைக் கண்டதும் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு டோர்ச். இரண்டு பற்றரி. சின்னக் குப்பியில் மண்ணெண்ணெய். திருகாத திருகுக்கு ஒரு சொட்டு விட்டுப் பார், முதலாளி வேண்டாம் என்றால் அந்தச் சாமான் உனக்கும் வேண்டாம்.

பெல்மதுளைப் பக்கம் போனால் ஈரப் பஞ்சில் சுற்றி நீட்டுகிற எந்தக் கல்லையும் வாங்காதே. இதை நான் வாங்கிக் கற்றுக்கொண்டேன். இளவட்ட வயதில், ஒரு மனுஷர் யாருக்கும் தெரியாமல் எனக்கு மட்டும் காட்டிய நீலக்கல். நான் எவ்வளவு ராசிக்காரன் என்று நினைத்து வாங்கினேன். பிறகு தெரிந்தது, அன்றைக்கு அந்தச் சந்தையில் என்னைப்போல ராசிக்காரர்கள் பலர். கல், கண்ணாடிக் குப்பியின் அடிப்பாகம். இன்னும் வைத்திருக்கிறேன், வெயிலில் பிடித்தால் அழகாகத்தான் இருக்கிறது.

பேர் வெட்டின பாத்திரம் வாங்குவதானால் பேரைப் படித்துவிட்டு வாங்கு. நம் ஆட்கள் கலியாணச் செம்பில், சடங்குத் தட்டில் கொடுத்தவர் பேரைப் புள்ளி புள்ளியாகக் குத்தி வைப்பார்கள். நான் ஒருமுறை அப்படி ஒரு செம்பை வாங்கி, ஒரு விசேஷ வீட்டுக்குத் தண்ணீர் பரிமாறக் கொண்டுபோனேன். பந்தியில் ஒரு பெரியவர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டு, செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என் தங்கச்சிக்கு நான் குடுத்தது," என்றார். அதை அவருடைய மச்சான்தான் விற்றிருக்கிறார் என்று பந்தியிலேயே கண்டுபிடித்தார்கள். இலை எடுக்கும்வரை நான் தலை நிமிரவில்லை.

இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியாக என் ராஜ சட்டத்தைச் சொன்னேன்.

"எது வேணுமோ அதத் தொடவே கூடாது மதினி. வேற ஒன்ன எடுத்து வெல கேளுங்க. ரெண்டாவது இன்னொன்ன. மூணாவதா, போற போக்குல, அதக் கேக்கணும். நமக்குத் தேவைன்னு தெரிஞ்சா முதலாளி கழுத்த அறுத்துருவான். ஒடஞ்சத கொண்டுவந்திருந்தாலும் வெளிய எடுக்காதீங்க."

"அப்ப நமக்குள்ள எப்பிடிப் பேசிக்கிறது?"

"வெல சிங்களத்துல. ரகசியம் தமிழ்ல."

இது நான் கண்டுபிடித்ததல்ல. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த எல்லாருக்கும் இது கைவந்த பழக்கம். சுற்றிலும் சிங்கள ஊர். சந்தையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் வாய் தானாகச் சிங்களத்துக்கு மாறும். தமிழ் அடிமடியில் முடிந்து வைத்த முடிச்சு மாதிரி. வேண்டியபோது அவிழ்த்து, நமக்குள் பேசி, திரும்ப முடிந்துகொள்வோம். யாருக்கும் கேட்காது என்று நம்புகிற ஒரு மொழி கையில் இருப்பது எவ்வளவு சுகம் தெரியுமா? அந்தச் சுகத்தில் வாய் கொஞ்சம் நீளும்.

மூன்று வயசா, ஏழு வயசா

"சிமினி என்ன விலை முதலாளி?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"முந்நூறு."

"முந்நூறா!" மதினி தமிழ் முடிச்சை அவிழ்த்தார். "மூஞ்சியப் பாருங்க தம்பி, ரப்பர் வெறகுல செதுக்குன மாதிரி. இவன்கிட்ட வெல கொறைக்கணும்னா கடப்பாரதான் கொண்டாரணும்."

"மெதுவா மதினி."

"தமிழ்லதானே பேசுறேன். அவனுக்கு என்னா வெளங்கப் போவுது?"

முதலாளி பிளேன்டியில் ஒரு மிடறு குடித்தார். முகத்தில் ஒரு நரம்பு அசையவில்லை.

சட்டப்படி இரண்டாவது பொருள். ஒரு கதவுக் கொண்டியைக் கேட்டேன். சட்டப்படி உதட்டைப் பிதுக்கினேன். மதினி என் முழங்கைக்குப் பின்னால் நின்று வேகமாகப் பேசினார். "வெளையாட்டு இல்ல தம்பி. இது கெடைக்கலன்னா எனக்கு வேற வழி கெடையாது. ரெண்டாயிரம் கேட்டாலும் குடுத்துருவேன். ஆனா நீங்க எடுத்த எடுப்புல எரநூறுல இருந்து ஆரம்பிங்க."

நான் பிஸ்கட் டின் பக்கம் திரும்பினேன். திருகாணி, பொத்தான், கதவுப்பூண், நடுவில் அது. சாம்பல் நிறத்தில், மூக்கு முறியாமல், மினுக்கமாக.

"இந்த இரும்புத் துண்டு என்ன? சின்னப் பிள்ளைக்கு விளையாடக் குடுக்கலாம்போல இருக்கே?"

முதலாளி எழுந்து குனிந்து அதை எடுத்தார். கூர் நுனியைக் கட்டைவிரலில் வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். "வேண்டாம். பிள்ளையின் கண்ணில் குத்திவிடும்," என்று சிங்களத்தில் சொல்லி, சக்கரம் வைத்த ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இது சும்மா. காசு வேண்டாம்."

தோட்டாவைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஐயோ, பைக்குள்ள போட்டுட்டானே தம்பி! கேளுங்க, கேளுங்க!"

"பிள்ளைக்கு இரும்புச் சாமான்தான் பிடிக்கும் முதலாளி," என்றேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

"என்ன வயசு பிள்ளை?"

"மூணு," என்றேன் நான்.

"ஏழு," என்றார் மதினி, அதே நொடியில்.

வாத்து என் கையில் நின்றது. முதலாளி தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்பப் போட்டுக்கொண்டார்.

"மூணா, ஏழா?" என்றார். "மொதல்ல அத ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க. தமிழ்லயே பேசுங்க. பரவாயில்ல."

சுத்தமான தமிழ். மாவனல்லைத் தமிழ்.

மதினி சேலைத் தலைப்பை எடுத்து வாயை மூடினார். பிறகு முழு முகத்தையும் மூடினார். எனக்கு மூட ஒன்றுமில்லை, வாத்துதான் இருந்தது.

"நிஸ்தார் என்டு பேரு," என்றார் அவர். "ஊரு மாவனல்ல. உம்மா வாப்பா காலத்துல இருந்து ஊட்டுல தமிழ்தான். சந்தைக்கு வந்தா சிங்களம், அவ்வளவுதான். கோவமில்ல தங்கச்சி, தலைய நிமித்துங்க. என்ட மூஞ்சி வெறகுக்கட்ட என்டு என்ட பொஞ்சாதியும்தான் சொல்லிய. ஆனா ரப்பர் வெறகு என்டு சொன்னது நீங்கதான் மொதல்."

தலைப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரிக்கிறார்.

அரிசி நீளம்

"பொய் சொன்னத்துக்காக நான் பைக்குள்ள போடல்ல," என்றார் நிஸ்தார் நானா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் இப்படித்தான் கூப்பிடுவோம்). "ஒங்கட மெசினுக்கு இது சரியா என்டு தெரியாம எப்படித் தாற? கொம்பனிக்குக் கொம்பனி இதுட நீளம் மாறும். ஒடஞ்சது எங்க?"

மதினி என்னைப் பார்த்தார். காயப்போட்ட துணியைத் தின்றுவிட்ட ஆட்டைப் பார்ப்பதுபோல. பிறகு திரும்பி நின்று, ஜாக்கெட்டுக்குள்ளிருந்த சின்னப் பர்சைத் திறந்து, பஞ்சில் சுற்றிய உடைந்த தோட்டாவை எடுத்துக் கொடுத்தார்.

நானா இரண்டையும் உள்ளங்கையில் பக்கம் பக்கமாக வைத்தார். அடியைச் சேர்த்துப் பிடித்து, முறிந்த நுனி எவ்வளவு இருந்திருக்கும் என்று நகத்தால் அளந்தார். டின்னிலிருந்தது நீளம் கூட. ஓர் அரிசி நீளம்.

"இத போட்டீங்க என்டா ஒரே சுத்துல ஊசி போகும். பலவந்தமா சுத்தினா, உள்ளுக்கு இது ஓடுற தொட்டிலும் போகும். அதுக்குப் பொறகு மெசின் இல்ல, இரும்பு."

நான் அந்தப் பலகையோரம் குந்தினேன். என் சட்டம் மட்டும் பலித்திருந்தால், மூன்றாவதாக, போற போக்கில், முந்நூறு நானூறுக்கு அதை வாங்கி, இருவரும் வெற்றியோடு பஸ் ஏறியிருப்போம். பதினான்கு துணியையும் மெசினையும் சேர்த்துத் தொலைத்திருப்போம். இத்தனை வருஷத்தில் நான் வாங்கிய எத்தனை பொருளுக்கு இதுதான் கதையோ! எதற்கு வேண்டும் என்று நான் யாரிடமும் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால் இரண்டு கடிகாரமாவது ஓடியிருக்கலாம்.

"அப்ப இல்லீங்களா நானா?" மதினியின் சிரிப்பு போய்விட்டது. "எங்கயுமே இல்லீங்களா?"

நானா பொலித்தீனுக்குப் பின்னால் நிறுத்தியிருந்த தன் வேனுக்கு எங்களைக் கூட்டிப்போனார். வேனின் பின்கதவைத் திறந்தார். உள்ளே சாக்கு போர்த்திய ஓர் உருவம். சாக்கை விலக்கினார். மதினியின் மெசினுக்கு உடன்பிறப்பு. கறுப்பு உடம்பில் தங்கநிறக் கொடி பாதி அழிந்து, பாதி நின்றது.

"இதுக்குள்ள ஈக்கிறது ஒங்கட அளவு," என்றார், தகட்டை நகர்த்திக் காட்டி. "ஆனா இது வித்த சாமான். கண்டி ரோட்டுல புதுசா ஒரு ஹோட்டல் கட்டுறாங்க. முன்னுக்கு அலங்காரத்துக்கு வெக்க. அட்வான்ஸ் வாங்கிட்டன், பன்னெண்டு மணிக்கு வந்து எடுப்பாங்க."

"அலங்காரத்துக்கா?" என்றார் மதினி. "தைக்க மாட்டாங்களா?"

"பூச்சட்டி வெப்பாங்க."

மதினி அந்த மெசினைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியவில்லை.

"அப்ப ஒடஞ்சத உள்ளுக்குப் போட்டுட்டு நல்லத எடுத்தா யாருக்குத் தெரியப்போவுது?" என்று நான் கேட்டேன். பழைய புத்தி.

"எனக்குத் தெரியும்," என்றார் நானா. "வித்த சாமான்ல கேக்காம கை வெக்க ஏலா. கேட்டுப் பாப்பம்."

போன் எடுத்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

பன்னிரண்டு மணிவரை

மழை வந்தது. இந்தப் பக்கத்து மழைக்கு முன்னறிவிப்பெல்லாம் கிடையாது. பொலித்தீனை நான்கு மூலையிலும் பிடித்து மடித்தோம். மூவரும் வேனின் பின்கதவுக்குக் கீழே ஒண்டிக்கொண்டோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் மெசின்.

நானா இரண்டாம் தடவை எடுத்தார். மூன்றாம் தடவை. பதினொன்றே கால். பதினொன்றரை.

சும்மா நிற்க முடியாத எனக்கு வாய் அரித்தது. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். நானா சொன்னார், நாட்டில் சமையல் எரிவாயுவே கிடைக்காத அந்த மாதங்களில் ஆட்கள் விற்பதற்காக வீட்டைக் கவிழ்த்துக் கொட்டினார்களாம். மண்ணெண்ணெய் அடுப்பை எறிந்தவர்கள் திரும்பத் தேடி வந்தார்களாம். ஒரு டீச்சர், தான் விற்ற அடுப்பையே இன்னொரு கையிலிருந்து வாங்கிக்கொண்டு போனாராம். "அதுக்கு முந்தி எல்லாம் சந்தைக்கு வாறவங்க வேடிக்க பாக்க வருவாங்க. இப்ப தேடி வாராங்க. தேடி வாறவங்கட கண்ணு வேற மாதிரி ஈக்கும். அந்தக் கண்ண வெச்சிட்டு சிமினி வெல கேட்டா எனக்குத் தெரியாதா தம்பி?"

மதினி எங்கள் பேச்சில் இல்லை. மெசினின் சக்கரத்தில் கை வைத்திருந்தார். சுற்றிப் பார்த்தார். அசையவில்லை. என் பைக்குள்ளிருந்த மண்ணெண்ணெய்க் குப்பியை என்னைக் கேட்காமல் எடுத்து, எங்கெங்கே விடவேண்டுமோ அங்கங்கே ஒவ்வொரு சொட்டு விட்டார். ஒரு டாக்டர் நாடி பிடிப்பதுபோல சக்கரத்தை முன்னும் பின்னும் அசைத்தார். எண்ணெய் இறங்க இறங்க, அரைச் சுற்று. முக்கால் சுற்று. பிறகு ஒரு முழுச் சுற்று, தொண்டையைச் செருமிக்கொண்டு.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது.

நானா சிங்களத்தில் நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். உள்ளே ஒரு சின்னப் பாகம், ஒரு தையல்காரப் பெண்ணுக்கு வேண்டும், பதிலுக்கு அவருடைய உடைந்ததைப் போடுவோம், மெசின் தைக்காது. அந்தப் பக்கம் ஒரு பெண்குரல். போனை நானா எங்கள் காதுக்கும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தார்.

"எல்லாம் ஒரிஜினல் என்று சொன்னீர்களே முதலாளி?"

"போடுறதும் ஒரிஜினல்தான் நோனா. அதே வயசு. மூக்கு மட்டும் கொஞ்சம் முறிஞ்சது."

மழை வேன் கூரையில் கொட்டியது. மதினி என் முழங்கையைப் பிடித்திருந்தார், வலது கையால். அந்தத் தோளுக்கு அவ்வளவு வலு இருப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

"அது வெளியே தெரியுமா?" என்று கேட்டது குரல்.

"தெரியாது நோனா. தகட்டுக்குக் கீழ."

"அது உள்ளே இருக்கிறதே இப்போதுதான் எனக்குத் தெரியும். எடுங்க, எடுங்க."

மதினி உடனே எடுக்கவில்லை. "தச்சுப் பாக்காம வாங்க மாட்டேன்," என்றார்.

பர்சுக்குள்ளிருந்து ஊசி வந்தது. நூல் வந்தது. ஒரு நீளப் பொபினை பிஸ்கட் டின்னுக்குள் தேடி எடுத்து, நூல் சுற்றி, தோட்டாவின் வயிற்றுக்குள் வைத்தார். துணி? "லேஞ்சிய குடுங்க தம்பி." என் கைக்குட்டை ஊசிக்குக் கீழே போனது. வேன் தட்டில் ஒரு காலை ஊன்றி, மழைக்கு முதுகு காட்டி, மதினி சக்கரத்தைச் சுற்றினார்.

முதல் நான்கு துளை, தையல் இல்லை. ஐந்தாவதில் பிடித்தது. பிறகு விடவில்லை. எறும்பு வரிசைபோல, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு. பூச்சட்டி சுமக்கப் போகிற மெசின், கடைசியாக ஒருதடவை, என் லேஞ்சியில் தைத்தது.

"எவ்வளவு நானா?"

"ரெண்டாயிரம் வரைக்கும் போவன் என்டு சொன்னீங்க," என்றார் நானா. "அத கேட்டுட்டு அந்த வெலய கேட்டா, அது காதுட சம்பாத்தியம், என்ட இல்ல. கேக்காத மாதிரி நெனச்சி சொல்றன். எண்ணூறு."

"ஐநூறு," என்றார் மதினி.

நானா என்னைப் பார்த்தார். "இவ்வளவுக்குப் பொறகுமா?"

"சந்தைன்னா அப்பிடித்தானேங்க," என்றார் மதினி, தலைப்பைச் சரிசெய்துகொண்டு. "அறுநூறு. டின்ல இருக்குற நீளப் பொபின் எல்லாம் சேத்து."

"எழுநூறு. பொபின் எல்லாம் எடுங்க. தம்பிட வாத்தும் ஒங்களுக்கே."

வெள்ளை

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் லயத்துக் கோடியில், மதினியின் தொங்கல் காம்பராவிலிருந்து மெசின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பகலெல்லாம். சோறு ஆக்கும்போது மட்டும் நிற்கும். துணியைக் கொடுத்த அம்மாக்கள் தண்ணீர்க் குழாய்க்குப் போகிற சாக்கில் ஜன்னலை எட்டிப்பார்த்தார்கள். யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கடைசி உடுப்பு, பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய நாள் மத்தியானம் முடிந்தது. "லூசா" என்று எழுதிய பிள்ளை அதற்குள் வளர்ந்துவிட்டதாம். பிரித்து மறுபடி தைத்ததாகக் கேள்வி.

திறந்த அன்று காலையில் நான் லயத்துப் பக்கம் போனேன். எனக்குப் பார்க்க ஆசை. ரப்பர் மரங்களுக்கு நடுவில் போகிற ஒற்றையடிப் பாதையில் பிள்ளைகள் வரிசையாக இறங்கினார்கள். மரத்தண்டெல்லாம் ஈரத்தில் கறுத்திருந்தது. கொட்டாங்கச்சிகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கறுப்புக்கு நடுவில், மரத்துக்கு மரம் மறைந்து மறைந்து, அவ்வளவு வெள்ளை. எனக்கு ஏதோ சொல்லத் தோன்றியது. நல்ல வரியாகக்கூட வந்தது.

மதினி வாசல்படியில் நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் கத்தினார்.

"ஏய், மூணாவது போற புள்ள! இங்க வா!"

ஒரு பெண்பிள்ளை மேட்டில் திரும்ப ஏறி வந்தாள், மூச்சு வாங்க. "என்னா மாமி?"

"காலர் கோணிக்கிச்சு. நில்லு."

"மணி அடிச்சிருவாங்க மாமி. மொத நாளு."

"அடிக்கட்டும். நான் தச்சது கோணலா ரோட்டுல போவக் கூடாது."

கையூசியில் நூல் கோத்து, பிள்ளையின் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தினார். பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு அசையாமல் நின்றாள். கீழே பள்ளத்தில் மணி அடித்தது. மதினி அவசரப்படவில்லை. நாலு தையல் போட்டு, முடிச்சிட்டு, அந்தச் சின்னக் கழுத்தருகே குனிந்து நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"இப்ப ஓடு."